ஓடுகிற பிள்ளையின் பையில் லேகியம் வேண்டாம்!

உங்கள் வீட்டில் ஓடுகிற பிள்ளை இருக்கிறதா? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வருகிற பிள்ளையைச் சொல்லவில்லை. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று தேறி, வருஷத்தில் ஆறு மாதம் பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போய்ப் போட்டியில் நிற்கிற பிள்ளை. உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் உறவில், தெருவில் ஒருவர் இருப்பார். சந்தேகமாக இருந்தால் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்கு விடிகாலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். பால் கேன் கட்டிய டிவிஎஸ் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அப்பாவோடு வந்து இறங்குகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியும்.

அந்தப் பிள்ளை சீசனுக்குக் கிளம்பும்போது வீட்டிலிருந்து ஒரு பை கட்டிக் கொடுக்கிறீர்களே, அந்தப் பையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சுற்றி வளைக்காமல் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் லேகியம், சூரணம், செந்தூரம், 'தெம்புக்குப் பொடி', நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டி வாங்கியது... இதில் எதுவும் இருக்கக் கூடாது. நான் கொடுத்ததாக இருந்தாலும் கூடாது.

'என்ன டாக்டர், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, இருபத்தைந்து வருஷமாக எங்களுக்கு இதே சூரணத்தைக் கொடுத்துவிட்டு, இப்போது நீங்களே இப்படிப் பேசலாமா?' என்று கேட்பீர்கள். நான்தான் பேச வேண்டும். இங்கிலீஷ் டாக்டர் சொன்னால், 'அவருக்கு நம் மருந்து பிடிக்காது' என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

முதலில், சீசன் என்றால் என்னவென்று பார்ப்போம். டி.வி.யில் நமக்குத் தெரிவது இரண்டு நிமிஷ ஓட்டம். அதற்கு முன்னால் இருக்கிற நாலு நாள் தெரியாது. தஞ்சாவூரில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் எழும்பூர். பகல் முழுக்க சென்னையில் எங்கேயாவது ஒதுங்கியிருந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். அதில் இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல். டெல்லியில் இறங்கி, போட்டி நடக்கிற ஊருக்கு வேறு பஸ், வேறு ரயில். தூக்கம் போச்சு, வயிறு கட்டிக்கொண்டது, தண்ணீர் மாறிவிட்டது. போய் இறங்கிய மறுநாளோ அதற்கு மறுநாளோ ஓட்டம். முடிந்ததும் அடுத்த ஊர். விமானத்தில் அனுப்பி வைக்கிற வேலையோ ஸ்பான்சரோ கிடைக்கும் வரை நம் பிள்ளைகளின் சீசன் பெரும்பாலும் இப்படித்தான்.

இதில் உச்சம் என்று நான் நினைப்பது டிரையத்லான்காரர்களின் பிழைப்பு. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து இருக்கிற போட்டி. 1,500 மீட்டர் நீச்சல், கரையேறிய கையோடு 40 கிலோமீட்டர் சைக்கிள், சைக்கிளை நிறுத்திய கையோடு 10 கிலோமீட்டர் ஓட்டம். ஆற்றில் நீந்தி, கரைச் சாலையில் சைக்கிள் மிதித்து, வரப்பில் ஓடி வளர்ந்த நம் டெல்டா பிள்ளைகளுக்கு மூன்றுமே புதிதல்ல. புதிது, அதைத் தொழிலாக வைத்துக்கொண்டு சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கி, நாடு நாடாகப் போய் மறுபடி பூட்டி, தெரியாத ஊரின் தண்ணீரில் குதிப்பது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் என்ன நடந்தது தெரியுமா? சேன் நதியைச் சுத்தப்படுத்த சுமார் 140 கோடி யூரோ செலவழித்தும், மழை பெய்து நீர் கெட்டு, ஜூலை 30-ம் தேதி நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லானை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் போக நாலாவது ஆட்டம் ஒன்று உண்டு, அது சாப்பாடு என்று டிரையத்லான்காரர்கள் பேசிக்கொள்வதுண்டு. சித்த வைத்தியன் சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லிவிட்டார்கள்!

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற சீசனுக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் என்னிடம் வந்தார்கள். ஒரத்தநாடு பக்கம். பெண் நடுத்தூர ஓட்டக்காரி. கல்லூரி இரண்டாம் வருஷம். அம்மா பேச்சை ஆரம்பித்தார்.

"ஐயா, நாலு மாசம் வெளியூரு போவுது. வந்தா எலும்புந்தோலுமா வரும். ஒடம்பு தாங்குற மாதிரி நல்ல லேகியமா, நெறையா குடுங்கய்யா. காசு பத்திக் கவலையில்லீங்க."

"அம்மா, காசைப் பற்றி நானும் கவலைப்படவில்லை. உங்கள் பெண்ணுக்கு யூரின் டெஸ்ட் எடுப்பார்கள், தெரியுமா?"

"அது தப்பு பண்றவங்களுக்குத்தானேய்யா?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊசி போட்டுக்கொள்கிறவன், ஜிம்மில் கண்ட பவுடரைக் கரைத்துக் குடிக்கிறவன், அவனைப் பிடிக்கத்தான் டெஸ்ட் என்று. நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு அதில் என்ன பயம்?

சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. உலக அளவில் 'வாடா' என்றொரு அமைப்பு. இந்தியாவில் 'நாடா'. (பெயரைக் கேட்டால் யாரோ தெருவில் நம்மைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கூப்பிடத்தான் செய்கிறார்கள்!) உடம்புக்குள் தடைசெய்த பொருள் இருந்தால் அதற்கு ஓடுகிறவரே பொறுப்பு. அம்மா கொடுத்தாரா, கோச் கொடுத்தாரா, கடைக்காரன் கலந்தானா என்பதெல்லாம் தண்டனையைக் கூட்டிக் குறைக்கிற கட்டத்தில்தான் வரும். குற்றம் முதலிலேயே எழுதப்பட்டுவிடும். ஸ்டீராய்டு மாதிரியான பொருள் என்றால் நாலு வருஷத் தடை. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவரே நிரூபித்தால் இரண்டு. தடைக்காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட எந்தப் போட்டியிலும் நிற்க முடியாது. ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பிக்கொண்டிருக்கிற வீட்டில் நாலு வருஷம் என்பது என்ன கணக்கு என்று உங்களுக்கே தெரியும்.

நம் பக்கத்திலேயே நடந்ததுதான். திருச்சிக்குப் பக்கம் முடிகண்டம் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி, 800 மீட்டர், 2 நிமிடம் 2.70 விநாடி, தங்கம். தன் அப்பா தனக்குச் சோறு வைத்துவிட்டு, மாட்டுக்கு வைத்திருந்த தீனியைத் தான் சாப்பிட்ட கதையை அவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னபோது தமிழ்நாடே கண் கலங்கியது. சில வாரங்களில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு சோதனையில் வந்துவிட்டது என்று செய்தி. தெரிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றே அவர் சொன்னார். பதக்கம் பறிபோனது. 2019 மே முதல் 2023 மே வரை தடை. முப்பது வயதில் ஆரம்பித்த தடை.

இன்னொன்று சொல்கிறேன். அது நேராக நம் பொடி, மாத்திரைப் பேச்சுக்கே வருகிறது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அதில் ஓடிய அஸ்வினி அக்குஞ்சி தடை ஓட்டத்திலும் தங்கம் வாங்கினார். மறு வருஷம், 2011-ல், அஸ்வினி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் உள்ளிட்ட ஆறு ஓட்டக்காரிகள் ஸ்டீராய்டு சோதனையில் மாட்டினார்கள். காரணம் என்னவென்று தேடியபோது வெளியே வந்தது ஜின்செங் மாத்திரை. வெளிநாட்டுப் பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கி வந்த மூலிகை மாத்திரை! அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. விசாரித்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டுதான் ஒரு வருஷத் தடை கொடுத்தார்கள். அது போதாது என்று மேல்முறையீடு போய், 2012-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டு வருஷமாக்கியது. லண்டன் ஒலிம்பிக் அவர்களுக்கு இல்லாமலே போய்விட்டது.

ஜின்செங் என்பது என்ன? ஒரு வேர். கெட்ட வேர் இல்லை. அந்த நாட்டார் பல நூறு வருஷமாகச் சாப்பிடுகிற வேர். நம் அமுக்கராக் கிழங்குக்கு 'இந்திய ஜின்செங்' என்று பட்டப்பெயரே உண்டு. இப்போது அமுக்கராச் சூரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நாலு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்துநாலு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு. இப்படி இரட்டித்து இரட்டித்துப் போகிற அழகான கணக்கு. இதில் ஒரு பொருள்கூடத் தடைப் பட்டியலில் இல்லை. நானே எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன், நாளைக்கும் கொடுப்பேன்.

பிறகு என்ன பயம்? பொருளில் பயமில்லை. அது கடந்து வருகிற கைகளில்தான் பயம். எந்த அரவை இயந்திரத்தில் அரைத்தார்கள், அதற்கு முன்னால் அதில் என்ன அரைத்தார்கள், 'சீக்கிரம் பலன் தெரியணும்' என்று யார் எதைக் கலந்தார்கள்? மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பேர் ஊர் இல்லாமல் விற்கிற பொடிகளில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரைகளை இடித்துக் கலப்பது இந்தத் தொழிலில் இருக்கிற எங்களுக்கெல்லாம் தெரிந்த அசிங்கம். பொடி சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். சாதாரண ஆளுக்கு அது முகம் உப்பி, சர்க்கரை ஏறுகிற ஆபத்து. போட்டிக்காரருக்கு, வாய் வழியாகச் சாப்பிட்ட அந்த ஸ்டீராய்டு போட்டி நாளில் சிறுநீரில் வந்தால் வழக்கு.

கலப்படமே இல்லாத, சுத்தமான, நூலில் சொன்னபடி செய்த மருந்திலும் சில இருக்கின்றன. எட்டிக் கொட்டையைச் சுத்தி செய்து நாங்கள் மருந்தில் சேர்க்கிறோம். அதில் இருக்கிற ஸ்டிரிக்னின் தடைப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. நாவி என்கிற வத்சநாபியிலும், தாமரை விதைக்குள் இருக்கிற பச்சை முளையிலும் ஹிஜெனமைன் என்றொரு பொருள் உண்டு. 2017 முதல் அதையும் பெயர் போட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். போட்டி நாள் மட்டுமல்ல, எந்த நாளும் கூடாது. கஞ்சா சேர்கிற லேகியங்கள் உண்டு, சொல்லவே வேண்டாம். வடநாட்டு இருமல் மருந்து சிலவற்றில் சோமலதா என்று ஒரு மூலிகை, அதில் எபிட்ரின். இவை எல்லாம் சித்த மருத்துவத்துக்கோ ஆயுர்வேதத்துக்கோ குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீரியம் இருப்பதால்தானே பட்டியலில் ஏறுகிறது? உப்புச்சப்பில்லாத பொருளை எவன் தடை செய்வான்?

'போட்டி நாளில்தானே கூடாது, முன்னால் சாப்பிட்டால் என்ன?' என்று புத்திசாலியான அப்பாக்கள் கேட்கிறார்கள். போட்டிக்கு முதல் நாள் ராத்திரி 11.59-க்கே போட்டி நேரம் ஆரம்பித்துவிடுவதாகக் கணக்கு. சாப்பிட்டது உடம்பை விட்டுப் போக ஆளுக்கு ஆள், பொருளுக்குப் பொருள் நாள் கூடும், குறையும். வாரம் ஒரு ஊரில் ஓடுகிற சீசனில் 'முன்னால்' என்று ஒரு நாளை எங்கே தேடுவீர்கள்?

மருந்து மட்டுமில்லை, சமையலறையிலும் ஒன்று இருக்கிறது. கசகசா! குருமாவுக்கு அரைக்கிறோம், பாயசம் வைக்கிறோம், தூக்கம் வராத பிள்ளைக்குப் பாலில் அரைத்துக் கொடுக்கிறோம். அபின் செடியின் விதைதான் அது. ஒட்டிக்கொண்டிருக்கிற மார்ஃபின் சிறுநீரில் தெரியும். அளவு தாண்டினால் வம்பு. தவிர, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கசகசா கொண்டுபோவதே சட்டப்படி குற்றம். குருமாப் பொடியை ஆசையாகக் கட்டிக் கொடுத்துப் பிள்ளையை ஏர்போர்ட்டில் நிற்க வைக்காதீர்கள். அதேபோல, சீனா, மெக்ஸிகோ மாதிரி சில நாடுகளில் கால்நடைக்குப் போடுகிற கிளென்பியூட்டெரால் இறைச்சி வழியாக வந்து வீரர்கள் மாட்டிக்கொண்டதால், அங்கே போகிறவர்கள் கண்ட கடையில் கறி சாப்பிட வேண்டாம் என்று 'வாடா'வே எச்சரிக்கிறது. முகாமில் போடுகிற சாப்பாடுதான் நல்லது. பிடிக்கவில்லையென்றால் முட்டை, பருப்பு, தயிர்.

ஒரு ஸ்பூன் பொடிக்கு இவ்வளவா என்று தோன்றும். பக்கத்துப் புதுக்கோட்டை கோ. லட்சுமணனை நினைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் புவனேஸ்வரில் ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். மறு வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓடும்போது ஒரு தடவை கால் கோட்டைத் தாண்டிவிட்டது என்று வெண்கலம் போய்விட்டது. இருபத்தைந்து சுற்றில் ஒரு தப்படி! விளையாட்டு அவ்வளவு கறாரானது. அந்தக் கறார் நமக்குச் சாதகமாகவும் வரும். அதே ஜகார்த்தாவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ஓடிய இந்திய அணி பஹ்ரைனுக்குப் பின்னால் வந்து வெள்ளிதான் வாங்கியது. பஹ்ரைன் ஓட்டக்காரி ஊக்கமருந்தில் மாட்டி, 2020-ல் அந்த வெள்ளி தங்கமாக மாறியது. பிடிக்கிறவர்களைத் திட்டுவதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும்.

ஒரத்தநாட்டு அம்மாவிடம் திரும்ப வருவோம். நான் சொன்னதைக் கேட்டு அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப வெறும் பையோடவாய்யா அனுப்புறது?" என்றார். நியாயமான கேள்வி. பிள்ளை மேல் உள்ள பாசத்தை ஏதாவது ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுத்தால்தான் நமக்கு மனசு ஆறும்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அவல் கொடுங்கள். நம் மண்ணில் விளைந்த நெல்லை இடித்த அவல். கொஞ்சம் தண்ணீரும் வெல்லமும் கிடைத்தால் ரயிலிலேயே சாப்பாடு ஆகிவிடும். ஓடுகிறவர்களுக்கு மாவுச்சத்துதான் பெட்ரோல். அரிசிச் சோற்றைக் குற்றவாளி மாதிரி பார்க்கிற இந்தக் காலத்தில் அவர்களாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும். கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம். வாழைப்பழம் எந்த ஸ்டேஷனிலும் கிடைக்கும், தோல் உரித்துச் சாப்பிடுவதால் சுத்தம். புளியோதரையும் நல்லெண்ணெய் தடவிய இட்லியும் முதல் நாளோடு சரி. கட்டுச்சோற்றை இரண்டாம் ராத்திரிக்கு இழுக்காதீர்கள். ஏ.சி. பெட்டி என்று நம்ப வேண்டாம், சோற்றுக்கு அது தெரியாது.

பெண் பிள்ளை என்றால் ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று சீசனுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே லேபில் பார்த்துவிடுங்கள். குறைந்தால் அப்போதே மருந்து; ரயிலேறிய பிறகு முருங்கைக்கீரையை நினைத்துப் பயனில்லை.

நீண்ட பயணத்தில் வாதம் கூடும் என்பது எங்கள் சாஸ்திரம். மலச்சிக்கல், வயிற்று உப்புசம், காலில் பிடிப்பு எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மலமிளக்கிச் சூரணம் கட்டிக் கொடுப்பது பழக்கம். வேண்டாம். ராத்திரி பத்துப் பதினைந்து உலர் திராட்சையை ஊறப்போட்டு, காலையில் தண்ணீரோடு சாப்பிட்டால் போதும். ராத்திரி கண் விழித்தால் பித்தம் கூடும். இதற்கு என்னிடமே மருந்து கிடையாது, தூங்கத்தான் வேண்டும். அதனால் பயணத்துக்கு அப்பா செலவழிக்க முடிகிற ஒரே ஆடம்பரம் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருகிற டிக்கெட்தான். ஜூன் மாதம் மேட்டூர் திறக்கிற நேரம். விதை, உழவு, நடவு என்று கையில் காசு நிற்காத நேரத்தில் டிக்கெட்டும் சேர்ந்துகொள்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் லேகியத்துக்கு ஆயிரம் ரூபாய் எடுக்க முடிகிற வீட்டில் ஒரு படுக்கைக்கு எடுக்க முடியும்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். பாரிஸுக்கே பிரச்னை என்றால் நம் ரயில்வே பிளாட்பாரத்தைச் சொல்ல வேண்டுமா? சீல் உடைக்காத பாட்டில், அல்லது கொதிக்க வைத்து ஆறிய நீர். உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு பையில் இருக்கட்டும். டெஸ்டுக்குக் குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும். வெயிலில் ஓடிக் காய்ந்துபோன உடம்பிலிருந்து அது வருவதற்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது யாராவது திறந்த பாட்டிலை நீட்டினால் வாங்கக் கூடாது, சிநேகிதியாக இருந்தாலும்.

அந்த அறையில் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து, மாத்திரை, சத்துப்பொடி எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். 'பாட்டி கொடுத்த உருண்டை' என்று எழுத முடியுமா? அதனால்தான் கேட்கிறேன். நிஜமாகவே நோய் வந்து மருந்து தேவைப்பட்டால் எந்த டாக்டரானாலும், நான் உள்பட, முதல் வாக்கியமாக 'நான் போட்டி வீராங்கனை, எனக்கு டெஸ்ட் உண்டு' என்று சொல்லச் சொல்லுங்கள். வேறு வழியே இல்லாமல் தடைப் பட்டியல் மருந்துதான் வேண்டுமென்றால் முன்கூட்டியே மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்க 'நாடா'வில் முறை இருக்கிறது.

எங்கள் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலில் யாருக்கு என்ன மருந்து, என்ன பலன் என்று எழுதி வைக்கச் செய்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால்! நாம் இன்றைக்கும் பழைய பேப்பரில் பொடியை மடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உரிமம் பெற்ற சித்த மருந்துப் பாட்டிலில் என்னென்ன சரக்கு என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். எட்டி, நாவி மாதிரி நச்சுச் சரக்கு சேர்ந்தால் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் போட வேண்டும். கையால் அரைத்துக் கொடுக்கிற வைத்தியரும் சரக்குப் பட்டியலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? 'குடும்ப ரகசியம், வெளியே சொல்லக் கூடாது' என்கிறவரிடம் ஓடுகிற பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். ரகசியம் அவரோடு இருக்கட்டும்.

ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். பேட்ச் நம்பரோடு, கொஞ்சம் மருந்து மிச்சம் வைத்து, ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். கலப்படம் என்று ஒரு நாள் நிரூபிக்க வேண்டி வந்தால் அந்தப் பாட்டில்தான் சாட்சி. தண்டனை பெரிய அளவில் குறைய அது ஒரு முக்கியமான வழி.

செட்டிச்சத்திரம் என்கிற நம் டெல்டா கிராமத்துப் பையன் பிரவீன் சித்திரவேல் 2023 மே மாதம் கியூபாவின் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டி டிரிபிள் ஜம்ப்பில் தேசிய சாதனை செய்தார். அதே வருஷம் சீனாவில் ஆசிய விளையாட்டு வெண்கலம், மறு வருஷம் பாரிஸ் ஒலிம்பிக். கூலி வேலை செய்கிற வீட்டிலிருந்து கியூபா வரை! இப்படிப் போகிற பிள்ளைகள் இன்னும் வருவார்கள். அவர்கள் பையை யார் கட்டுகிறார்கள் என்பதால்தான் இந்தப் பத்திரிகையில், வீடுகளுக்கு எழுதுகிறேன்.

சீசன் முடிந்து வந்ததும் உங்கள் கைவரிசையைக் காட்டலாம். மறுநாள் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து வெந்நீரில் குளிக்க வையுங்கள், மிளகு ரசம் வையுங்கள், பகலில் தூங்காமல் பார்த்துக்கொண்டு ராத்திரி எட்டரைக்கே படுக்க விடுங்கள். போட்டிக்கு முதல் நாள் எண்ணெய்க் குளியல் கூடாது என்று நான் சொல்லி வைத்திருப்பதால், ஊரில் வந்து இறங்கியதுமே அதைத்தான் கேட்பார்கள். லேகியத்தை மட்டும் அப்போதும் எடுக்காதீர்கள். பெரிய ஆட்டக்காரராகிப் பரிசோதனைப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், தினம் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சீசன் இல்லாத நாளிலும், பொழுது விடிகிற நேரத்தில் அதிகாரி வந்து கதவைத் தட்டலாம். வந்தால் முகம் சுளிக்காமல் உட்கார வைத்து, பிள்ளையை எழுப்புங்கள். எல்லோருக்கும் ஒரு டம்ளர் டிகிரி காபி போடலாம். காபியில் இருக்கிற கஃபீனை 2004-லேயே தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.